பலகைப் போரும் களப்போரும்

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையின்மீது நிறுத்திக் குருதி சிந்தாமல் போர் செய்து பார்க்கும் கலை நம் பாரத நாட்டில் தோன்றியது. சதுரங்கம் என்னும் பெயரே அதன் பிறப்பைக் கூறும். பாரசீகம் சென்று, அராபியர் வழியே ஐரோப்பாவை அடைந்த அவ்விளையாட்டு, அங்கே பல நூற்றாண்டுகள் அரசரும் அறிஞரும் பொழுதுபோக்கும் கருவியாக விளங்கிற்று. 1780ஆம் ஆண்டில் பிரன்ஸ்விக் நகரத்துக் கணித ஆசிரியர் ஹெல்விக் என்பார் அதனை விரித்து, கட்டங்களுக்கு மலை, நீர்நிலை, சதுப்பு முதலிய நில வேறுபாடுகளை ஏற்றிப் பீரங்கிக்கும் காய் வகுத்தார். பின்னர், 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் படை அதிகாரி, கட்டங்களை அறவே நீக்கி, உண்மையான நிலப்படத்தின்மேல் காய்களை நகர்த்தும் முறைக்கு விதி எழுதி வெளியிட்டார். தற்செயலுக்கு இடமளிக்கப் பகடையும், இரு தரப்புக்கும் பொதுவாகத் தீர்ப்புரைக்க நடுவரும் அதில் அமைந்தனர். பிரஷ்யப் படைத்தலைமை அதனை விரும்பி ஏற்றது. அன்றுதொட்டுப் 'போர் விளையாட்டு' ஜெர்மானியப் படைக் கல்வியின் ஓர் உறுப்பாயிற்று.

விளையாட்டு என்னும் பெயர் கொண்டு இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் நிலப்போர் ஜெர்மனிக்கும் ருஷ்யாவுக்கும் இடையே மூண்டது. அது மூளுமுன்னரே இரு நாட்டுத் தளபதியரும் அதனைப் பலகையில் ஆடிப் பார்த்திருந்தனர். அங்ஙனம் ஆடியும் அவர்கள் இடருற்றது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே ஈண்டு நம் நோக்கம்.

அட்டை டாங்கியும் கஸான் பள்ளியும்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, 1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையின்படி ஒரு லட்சம் வீரருக்கு மேல் படை வைத்தலாகாது. டாங்கி வைத்திருத்தலே கூடாது. ஆகவே, ஜெர்மானிய அதிகாரிகள் மோட்டார் வண்டிகளின்மேல் துணியும் அட்டையும் போர்த்தி, அவற்றையே டாங்கிகளாகக் கொண்டு பயிற்சி செய்தனர். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கப் பள்ளிச் சிறுவர்கள் அப்போலி டாங்கிகளைப் பென்சிலால் குத்தித் துளைத்ததைக் குடேரியன் என்னும் தளபதி பிற்காலத்தில் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார்.

மெய்யான டாங்கிகளைக் கையாளவும் அவர்கள் ஒரு வழி கண்டனர். ருஷ்யாவில் கஸான் நகருக்கு அருகே 'காமா' என்னும் மறைமுகப் பெயருடன் ஒரு டாங்கிப் பள்ளி 1929 முதல் 1933 வரை நடைபெற்றது. பின்னாளில் ஒருவரையொருவர் அழிக்கப் புறப்பட்ட இரு படைகளின் அதிகாரிகளும் அங்கே ஒரே வெளியில் பயின்றனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாம்.

இருவேறு போர்நெறிகள்

பயின்ற இடம் ஒன்றாயினும் கண்ட நெறி வேறு. ஜெர்மானிய நெறியின் உயிர்நிலை மூன்று. படையைப் பரவலாகச் சிதறவிடாமல் ஓரிடத்தில் குவித்துத் தாக்குதல் முதலாவது. டாங்கியைத் தனியே விடாமல், மோட்டார் ஏறிய காலாள், பீரங்கி, பாலம் அமைப்போர் ஆகியோரை உடன் சேர்த்து ஒரே படைப்பிரிவாக இயக்குதல் இரண்டாவது. ஒவ்வொரு டாங்கியிலும் ரேடியோ வைத்தல் மூன்றாவது. குடேரியன் முதல் உலகப் போரில் செய்தித்தொடர்புப் பிரிவில் பணியாற்றியவராதலின் இதன் அருமையை நன்கறிந்திருந்தார். பகைவனின் வரிசையைப் பிளந்து, பின்புறம் சென்று வளைத்து மூடுவதே அவர்களது முறை. அங்ஙனம் வளைக்கப்பட்ட களத்தை அவர்கள் 'கொப்பரை' என்றே அழைத்தனர்.

ருஷ்யர் இதனினும் அகன்று சிந்தித்தனர். திரியாந்தஃபில்லோவ், துகாச்செவ்ஸ்கி முதலியோர் வகுத்த 'ஆழ்ந்த போர்' என்னும் கொள்கை 1936ஆம் ஆண்டுப் படைக்கள விதிநூலில் இடம்பெற்றது. பகைவனின் முன்வரிசையை மட்டும் மோதாமல், அவனுடைய பின்வரிசை, பீரங்கி நிலை, பாலம், ரயில் நிலையம் ஆகிய அனைத்தையும் ஒரே வேளையில் தாக்கவேண்டும். காலாளும் பீரங்கியும் வாயில் திறந்துவிட, டாங்கிப் பெரும்படை அதன் வழியே புகுந்து நெடுந்தொலைவு செல்லவேண்டும் என்பது அதன் சாரம். ஆயின் 1937ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டாலினின் ஆணையால் துகாச்செவ்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு பயின்ற அதிகாரிகள் பலரும் அழிக்கப்பட்டனர். நூல் இருந்தது; அதனைக் களத்தில் பொருள் விரிக்கவல்லார் அருகினர்.

பலகை பலித்த வரலாறு

போர் விளையாட்டு பயன் தந்ததற்கும் சான்று உண்டு. 1940ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் கோப்லென்ஸ் நகரில் பிரான்சின்மீது தொடுக்கவிருந்த போரை ஜெர்மானியர் பலகையில் ஆடினர். தாக்குதல் தொடங்கிய ஐந்தாம் நாளிலேயே செடான் அருகே மாஸ் ஆற்றைக் கடப்பேன் எனக் குடேரியன் கூறினார். தலைமைத் தளபதி ஹால்டர் அதனைப் பொருளற்றதென்று ஒதுக்கினார். மே 10ஆம் நாள் போர் தொடங்கியது. நான்காம் நாளாகிய 13ஆம் நாளிலேயே குடேரியனின் படை அவ்வாற்றைக் கடந்தது. புதிய ஆணை எழுத நேரமில்லாமையால், கோப்லென்ஸ் விளையாட்டில் எழுதிய ஆணைகளையே எடுத்து, நாளையும் நேரத்தையும் மாற்றி வீரர்களுக்கு வழங்கினராம். ஆடியவர், நிலத்தையும் காலத்தையும் மெய்யாக எண்ணி ஆடினமையால் பலகை பலித்தது.

ஆடாது விட்ட ஆட்டங்கள்

அதே 1940ஆம் ஆண்டின் இறுதியில், ருஷ்யாவின்மீது படையெடுப்பதை ஆடிப் பார்க்கும் பொறுப்பு பவுலஸ் என்னும் தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. டிசம்பரில் பெர்லினை அடுத்த ஸோஸெனில் ஆட்டம் நடந்தது. கிழக்கே செல்லச் செல்ல, எண்ணெய் ஊற்றும் புனலின் வாய் போலப் போர்முனை அகன்றுகொண்டே போவதும், கைவசமுள்ள படை அதற்கு அரிதினே போதும் என்பதும் அப்போதே தெரிந்தன. எல்லையிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வரையே லாரிகளால் எண்ணெயும் குண்டும் உணவும் தடையின்றிக் கொண்டு சேர்க்க இயலும் என வழங்கல் அதிகாரிகள் கணித்தனர். மாஸ்கோவோ எல்லையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர்! ருஷ்ய ரயில் பாதையின் அகலமும் 1,524 மில்லிமீட்டர். ஜெர்மானியப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். எனவே, பாதையை மாற்றாமல் ஒரு வண்டியும் உள்ளே செல்லாது. இத்தனையும் அறிந்திருந்தும், 500 கிலோமீட்டருக்குள்ளாகவே ருஷ்யப் படை அழிந்துவிடும் என்று வைத்துக்கொண்டு திட்டத்தை முடித்தனர். டிசம்பர் 18ஆம் நாள் ஹிட்லரின் ஆணை பிறந்தது. கணக்கு பொய்க்கவில்லை, கணக்கைக் கேட்பவர் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, 1941 ஜனவரித் தொடக்கத்தில், மாஸ்கோவில் ருஷ்யரும் ஆடினர். முதல் ஆட்டத்தில் மேற்கிலிருந்து வரும் பகைவனாக ஷூக்கோவும், ருஷ்யத் தரப்பில் பாவ்லோவும் நின்றனர். இரண்டாம் ஆட்டத்தில் இருவரும் தரப்பு மாறினர். இரண்டிலும் ஷூக்கோவின் கையே ஓங்கிற்று. சில நாளில் அவர் தலைமைத் தளகர்த்தராக அமர்த்தப்பட்டார். ஆயின் அவ்வாட்டங்களில் ஒரு பெருங்குறை இருந்தது. எல்லை தாண்டிய பகைவன் முன்னரே பின்னுக்குத் தள்ளப்பட்டான் என்ற கற்பனையிலிருந்தே ஆட்டம் தொடங்கிற்று. போரின் முதல் நாட்களை எவரும் ஆடவில்லை!

1941 ஜூன் 22ஆம் நாள் விடியலில் வந்தவை அந்த ஆடாத நாட்களே. விமானங்கள் தரையிலேயே எரிந்தன. தந்திக் கம்பிகள் அறுந்தன. ஜூன் 28ஆம் நாள் மின்ஸ்க் நகரம் வீழ்ந்தது. பாவ்லோவின் படைகள் கொப்பரைக்குள் அகப்பட்டன. ஜூலை 22ஆம் நாள் பாவ்லோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1957இல் அவர்மீது குற்றமில்லை என்று அறிவித்தனர். காலங்கடந்த நீதி அது.

எஃகும் சேறும்

ஜெர்மானியருக்கும் அதிர்ச்சி காத்திருந்தது. பத்தாயிரம் டாங்கிகளே ருஷ்யரிடம் உண்டென மதிப்பிட்டிருந்தனர். உண்மையில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தன. அவற்றுள் டி-34 என்பது புதுமை வாய்ந்தது. முன்புறத் தகட்டின் கனம் 45 மில்லிமீட்டரே எனினும், அதனைச் சாய்த்து அமைத்திருந்தமையால் குண்டுகள் பட்டு வழுக்கிச் சென்றன. அகன்ற சங்கிலிப் பட்டைகள் சேற்றிலும் பனியிலும் புதையாமல் அதனைத் தாங்கின. ஜெர்மானியரின் 37 மில்லிமீட்டர் பீரங்கி அதன்முன் பயனற்றது கண்டு, 'கதவு தட்டும் கருவி' என வீரர்கள் அதற்குப் பெயரிட்டு நகைத்தனர்.

எனினும் ருஷ்யர் உடனே வென்றாரல்லர். தொடக்ககால டி-34இன் கோபுரத்தில் இருவரே இருந்தனர். தலைவனே குறிபார்த்துச் சுடவும் வேண்டும், களத்தை நோக்கி ஆணையிடவும் வேண்டும். பெரும்பாலான டாங்கிகளில் ரேடியோ இல்லை. கொடி காட்டியே செய்தி சொல்லினர். ஜெர்மானிய டாங்கியிலோ தலைவன், சுடுவோன், குண்டிடுவோன் என மூவர், காதில் ரேடியோ. எனவே மெல்லிய கவசமுடையோர் தடித்த கவசமுடையோரைப் பன்முறை வென்றனர். ஆயுதம் மட்டும் போர் செய்வதன்று. அதனை இயக்கும் முறையே போர் செய்கிறது.

முடிவில் வென்றது இடமும் காலமுமே. அக்டோபர்ச் சேற்றில் ஜெர்மானியச் சக்கரங்கள் அழுந்தின, எண்ணெய் வரவில்லை, குளிருடை போதவில்லை. டிசம்பர் 5ஆம் நாள் மாஸ்கோவின் வாயிலில் ருஷ்யர் திருப்பித் தாக்கினர். ஸோஸெனில் அந்தப் பலகையை நடத்திய பவுலஸ், 1943 ஜனவரி 31ஆம் நாள் ஸ்டாலின்கிராடில் உணவும் குண்டும் அற்ற படையோடு சிறைப்பட்டார். வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்ததன் நுட்பத்தை நாம் இங்கே உணர்கிறோம். முதலதை மட்டும், அதுவும் தவறாக, எண்ணினார்க்கு நேர்ந்த கதி இது.

ருஷ்யரோ கற்றுக்கொண்டனர். 1943 ஜூலையில் கூர்ஸ்க் களத்தில், ஜெர்மானியர் டைகர், பாந்தர் என்னும் புதிய டாங்கிகளை நம்பி வந்தபோது, கண்ணிவெடியும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியும் அடுக்கடுக்காக அமைத்துக் காத்திருந்தனர். புத்தம் புதிய பாந்தர்கள் பல பழுதாகியும் வெடியில் சிக்கியும் வழியிலேயே நின்றன. ஜூலை 12ஆம் நாள் புரோகோரோவ்காவில் ருஷ்யர் இழந்த டாங்கிகளே மிகப் பல என்பதை இன்று இரு தரப்பு ஆவணங்களும் காட்டுகின்றன. ஆயினும் படையெடுப்பைக் கைவிட்டவர் ஜெர்மானியரே. 1944 ஜூனில் பெலோருஷ்யாவில் நடந்த பெருந்தாக்குதலில், கடக்கவொண்ணாதென்று பகைவர் கருதிய சதுப்பில் மரங்களை அடுக்கிப் பாதையிட்டு, முன்கூட்டியே ஒத்திகையும் பார்த்து, டாங்கிகளைச் செலுத்தினர். துகாச்செவ்ஸ்கியின் நூல் ஏழாண்டு கழித்துக் களத்தில் உயிர்பெற்றது.

மேசைமேல் மீண்ட போர்

போருக்குப் பின்னர் இவ்விளையாட்டு பொதுமக்களின் மேசைக்கும் வந்தது. அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் என்பார் 1954இல் அட்டைப் பலகையாக ஒன்றை வெளியிட்டார். 1970இல் ஜேம்ஸ் டன்னிகன் அமைத்த 'பான்ஸர்பிளிட்ஸ்' ஜெர்மானிய-ருஷ்ய டாங்கிப் போரையே பொருளாகக் கொண்டது. அறுகோணக் கட்டங்கள் நிறைந்த அப்பலகையில் ஜெர்மானியக் காய் ஒரு சிறு குழுவைக் குறிக்கும். ருஷ்யக் காயோ அதனினும் பெரிய கம்பெனியைக் குறிக்கும். சிறு குழுவும் தானே முடிவெடுக்கும் ஜெர்மானிய வழக்கமும், பெருங்கூட்டமாக இயங்கும் ருஷ்ய வழக்கமும் காயின் அளவிலேயே அமைந்துவிட்டன. ஆனால் அதிலும் ஒரு குறை. நகரும் பகைவனை இடையில் சுட விதியில்லாமையால், ஆடுவோர் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்கு அச்சமின்றித் தாவினர். 1974இல் வந்த அடுத்த விளையாட்டில் அவ்விதியைச் சேர்த்துத் திருத்தினர். மேசைமேல் உள்ள குறை நான்காண்டில் திருந்திற்று. மாஸ்கோப் பலகையின் குறை திருந்த எத்தனை உயிர் வேண்டியிருந்தது!

இன்று நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலர் கணினித் திரையில் டைகரையும் டி-34ஐயும் ஓட்டி மகிழ்கின்றனர். அதனை நாம் குறை கூற வேண்டுவதில்லை. ருஷ்ய வடிவமைப்பில் வந்த டி-72, டி-90 டாங்கிகள் நம் ஆவடித் தொழிற்சாலையில் உருவானவை என்பதைச் சொன்னால் அவர்கள் ஆர்வம் இன்னும் பெருகும். கூடவே வேறு சிலவும் சொல்வோம். ஏறத்தாழ 57 டன் எடையுள்ள டைகரை ரயிலில் ஏற்றவேண்டின், அகன்ற பட்டைகளைக் கழற்றிக் குறுகியவற்றை மாட்டவேண்டும்; அதன் எடையைத் தாங்கும் பாலம் அரிது; போர் முடியும்வரை 1,300 சொச்சம் டைகர்களே செய்ய முடிந்தது; டி-34களோ ஐம்பதாயிரத்துக்கு மேல். திரையில் தோன்றும் டைகருக்கு எண்ணெய் தீர்வதில்லை; உள்ளிருப்போர்க்குப் பசியில்லை; தாயரும் இல்லை. மெய்யான போரில் சோவியத் நாட்டினர் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு.

விளையாட்டு பொய் சொல்வதில்லை. நாம் வைத்த காய்களைக் கொண்டே அது விடை கூறும். வைக்காத காயைப் பற்றி அது வாய் திறவாது. ஆதலின், ஆட்டம் தொடங்குமுன் பலகையை ஒருமுறை நோக்கி, 'இங்கே வைக்காமல் விட்டது யாது?' என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. போர்க்களத்துக்கு மட்டுமன்று, வாழ்க்கைத் திட்டங்கள் அனைத்துக்கும் வேண்டப்படுவது அவ்வினாவே ஆகும்.