'சில நூறு' பிறந்த கதை

2012 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்ட டாட் ஏக்கின் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அகப்பட்டுக்கொண்டார். வல்லுறவால் கருவுற்ற பெண்ணுக்கும் கருக்கலைப்பு கூடாதா என்பது கேள்வி. அப்படிக் கரு தங்குவதே அபூர்வம், நிஜமான வல்லுறவு என்றால் பெண்ணுடம்பே அதைத் தடுக்கப் பார்க்கும், டாக்டர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்றார். நவம்பரில் தோற்றார். எந்த டாக்டர்கள்?

பத்திரிகைகள் தேடிப்போய்ப் பிடித்த பெயர் ஜான் வில்கி. சின்சினாட்டி மருத்துவர், கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தின் பெருந்தலை. 1999இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் கணக்கு இப்படிப் போகிறது: ஆண்டுக்கு நடக்கும் வல்லுறவுகள் இத்தனை என்று ஒரு பெரிய எண். அதில் சிறுமிகளையும் வயதானவர்களையும் கழி. மாதத்தில் கருத்தரிக்கக்கூடிய நாள்கள் சிலவே, மற்றவற்றைக் கழி. மலடானவர்களைக் கழி. மாத்திரை சாப்பிடுபவர்களைக் கழி. கடைசியாக, அதிர்ச்சி. அது எவ்வளவு குறைக்கும் என்று யாருக்கும் தெரியாது என்று அவரே எழுதுகிறார். எழுதிய கையோடு பாதியாவது குறையும் என்று வகுத்தும் விடுகிறார். நாடு முழுவதற்கும் சில நூறுதான் மிஞ்சுகிறது. ஒவ்வொரு படியும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். விஷமமே அதில்தான்.

அந்த 'அதிர்ச்சி'க்கும் ஒரு தகப்பன் உண்டு. 1972இல் ஃபிரெட் மெக்லன்பர்க் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு கட்டுரைத் தொகுப்பில் நாஜிச் சோதனை ஒன்றைச் சொன்னார். பெண்களைக் கொல்வதற்கென்று நச்சுவாயு அறைவரை அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். பிறகு பெரும்பாலானோருக்குக் கருமுட்டை வெளிவரவில்லையாம். நிஜமென்றே வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே வெளிவந்துவிட்ட முட்டையைப் பயம் திரும்ப உள்ளே அனுப்புமா?

இன்னும் பின்னால் போனால் 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்ட நூலில் நிற்போம்: கருவுற்றாளா, அப்படியானால் சம்மதித்தாள். பெண்ணுக்கும் இன்பம் கிட்டினால்தான் கரு உண்டாகும் என்பது அந்தக் கால வைத்தியம். வைத்தியம் செத்துப்போயிற்று, முடிவு மட்டும் சதவீத வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

வில்கி கழித்துக்கொண்டிருந்தபோது பெண்களிடமே கேட்ட ஆய்வு வெளியாகி மூன்று வருஷமாகியிருந்தது. மெலிசா ஹோம்ஸ் குழுவினர் 4,008 பெண்களை மூன்றாண்டு தொடர்ந்து விசாரித்தார்கள். 12 முதல் 45 வயதுவரை, ஒரு வல்லுறவுக்குக் கருவுறும் வாய்ப்பு 5 சதவீதம். நாடு முழுவதும் ஆண்டுக்கு 32,101 கருக்கள் என்று 1996இல் எழுதினார்கள். அப்படிக் கருவுற்ற பெண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நாலாம் மாதத்தை எட்டிய பிறகுதான் கர்ப்பமே தெரியவந்தது.

ஏக்கினை எதிர்த்தவர்கள் இந்த 32,101ஐ ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்கள். அதையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆய்வில் நிஜமாகக் கிடைத்த வல்லுறவுக் கருக்கள் 34, மீதி பெருக்கல். அந்த எண்ணின் வாலில் நிற்கும் ஒன்றுக்கு அர்த்தம் கிடையாது. 'பல்லாயிரம்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வில்கியின் சில நூறைக் கவிழ்க்க அதுவே போதும்.