குருதியில் கூடிய அமைலேஸ்: ஸ்டார்ச் நீர்மங்களின் வரலாறு

1929-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் எல்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும், கணைய நோயைக் கண்டறியக் குருதியின் அமைலேஸ் அளவு உதவும் என்று நிறுவினர். கடும் வயிற்றுவலியோடு அந்த எண்ணும் ஏறியிருந்தால் கணைய அழற்சியை ஐயுறுவது அதன்பின் மருத்துவ வழக்காயிற்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குருதியிழப்பை ஈடுசெய்யப் பிளாஸ்மாவுக்கு மாற்றுகள் தேடப்பட்டன. மாவுச்சத்து மலிவானது, ஆனால் சிரைக்குள் செலுத்திய சிறிது நேரத்திலேயே அமைலேஸ் அதைச் சிதைத்துவிடும். வேதியியலார் கண்ட வழி எளிது: மாவுச்சத்தின் குளுக்கோஸ் அலகுகளில் ஹைட்ராக்ஸிஎத்தில் தொகுதிகளை இணைத்தால் நொதியால் அதை விரைந்து வெட்ட இயலாது. இவ்வாறு உருவான ஹெட்டாஸ்டார்ச் 1970-களில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்தது.

பிறகுதான் சிக்கல். இந்நீர்மம் பெற்றவர்களின் குருதியில் அமைலேஸ் இருமடங்கும் அதற்கு மேலும் உயர்ந்து, சில நாள்கள் அவ்வாறே நின்றது. கணையமோ நலமாகவே இருந்தது! சுரப்பு கூடவில்லை; வெளியேற்றம் குறைந்திருந்தது. சிறிய மூலக்கூறாகிய அமைலேஸின் ஒரு பகுதி வழக்கமாகச் சிறுநீரக வடிகட்டியைக் கடந்து சிறுநீரில் வெளியேறும். ஆனால் வெட்ட முனைந்த ஸ்டார்ச்சோடே அது பிணைந்து, வடிகட்டியைக் கடக்க இயலாத பெருந்தொகுப்பாகிக் குருதியில் தேங்கியது. 1970-களின் பிற்பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதனைத் தெளிவுபடுத்தினர். இம்முரணை வெறும் ஆய்வகப் புதிராக எண்ணிவிட முடியாது. வயிற்று அறுவைக்குப் பின் வலியால் துடிக்கும் ஒருவருக்கு இந்த எண் இல்லாத கணைய அழற்சியைச் சுட்டும். மருத்துவரின் கவனம் உண்மையான காரணத்தை விட்டு விலகும். அத்தகைய நேரத்தில் துணைநின்றது லைப்பேஸ். கொழுப்பைச் சிதைக்கும் அந்நொதி ஸ்டார்ச்சோடு இவ்வாறு பிணைவதில்லை. ஆகவே அதன் அளவு பொய்யாக ஏறுவதில்லை.

அமைலேஸ் உயர்வு தன்னளவில் தீங்கற்றதே. ஆயினும் எளிதில் சிதையாத அதே இயல்பால் இந்த ஸ்டார்ச் உடல் திசுக்களிலும் நெடுநாள் தங்குவது பின்னர்த் தெரியவந்தது. 2012-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், கடும் செப்சிஸ் நோயாளிகளுள் ஸ்டார்ச் பெற்றோரில் 51 விழுக்காட்டினர் 90 நாள்களுக்குள் இறந்தனர். ரிங்கர் அசிட்டேட் பெற்றோரில் அது 43. சிறுநீரக மாற்றுச் சிகிச்சையும் முன்னவர்களுக்கே மிகுதியாகத் தேவைப்பட்டது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்நீர்மங்களின் விற்பனை அனுமதியை நிறுத்திவைத்தது.