தள்ளி விழும் அடி

ஸ்கா இசை என்றதும் ட்ரம்பெட், ட்ராம்போன், கறுப்பு வெள்ளைக் கட்டம் என்று அடையாளம் சொல்வார்கள். இவை இல்லாமலும் ஸ்கா வாசிக்கலாம். ஒன்று மட்டும் இல்லாமல் முடியாது. கைதட்டிக்கொண்டே ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணிப் பாருங்கள். கை விழுவது 'ஒண்'ணிலும் 'ரெண்'ணிலும். ஸ்காவில் கிதாரும் பியானோவும் அந்த இடத்தை விட்டுவிட்டு, பின்னால் வரும் 'ணு'விலும் 'டு'விலும் வெட்டி வெட்டி விழும். பாஸ் நேராக நடந்துகொண்டிருக்கும். நம் கச்சேரியிலும் அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகள் உண்டே, இதிலென்ன அதிசயம் என்று கேட்கலாம். அங்கே தள்ளி வருவது பாட்டின் எடுப்பு. அடுத்த வரிகளில் அது தாளத்தோடு கூடியும் விலகியும் விளையாடும். இங்கே பக்கவாத்தியமே தள்ளிப்போய், பாட்டு முடியும்வரை அங்கேயே நிற்கிறது. கேட்பவரின் கால் தானாகத் துள்ளுவது அதனால்தான்.

இந்தத் துள்ளலைப் பெற்றது வித்வான்களின் சபை அல்ல, ஒலிபெருக்கி வியாபாரம். பென்னாகரம் பக்கம் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர்களைப் போல, 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 'சவுண்ட் சிஸ்டம்' நடத்தியவர்கள் இருந்தார்கள். முன்னாள் போலீஸ்காரரும் மதுக்கடைக்காரருமான டியூக் ரீட் ஒருவர், காக்சன் டாட் இன்னொருவர். திறந்தவெளியில் பெட்டிகளை அடுக்கி, அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளைப் போட்டு ஆடவைப்பார்கள். போட்டிக்காரனுக்குப் பாட்டின் பெயர் தெரியக்கூடாதென்று தட்டின் லேபிளைச் சுரண்டிவிடுவதும் உண்டு. பத்தாண்டின் கடைசியில் அமெரிக்கா ராக் அண்ட் ரோலுக்குத் திரும்பியது. கிங்ஸ்டன் கூட்டம் விரும்பிய தட்டுகள் வருவது குறைந்தது. சரக்கு நின்றதும் இவர்களே உள்ளூர்க் கலைஞர்களைக் கூப்பிட்டுப் பதிவுசெய்தார்கள். தள்ளி விழும் அடி அமெரிக்க ஷஃபிள் தாளத்திலேயே இருந்தது, ஜமைக்கா கண்டுபிடித்ததல்ல என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அங்கே அது பின்னணியில் கிடந்தது. கிங்ஸ்டன் அதை முன்னே இழுத்து, மற்றதை அதன் பின்னால் நிறுத்தியது. முதலில் இழுத்தவர் யார் என்பதில் ஆளுக்கொரு உரிமைக் கோரிக்கை. தீர்ப்புச் சொல்ல முயன்றால் வீண்வேலை.

இந்த இசை பதிவுக்கூடத்தில் பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டால், சிறந்த குழு எது என்ற கேள்விக்கும் விடை மாறுகிறது. பாடகர்கள் மாறினார்கள்; பின்னால் வாசித்தவர்கள் பெரும்பாலும் அதே பத்துப் பேர். ட்ராம்போன் டான் டிரம்மண்ட், சாக்ஸபோன் டாமி மெக்குக், ட்ரம்பெட் ஜானி மூர் ஆகியோர், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியின் வாத்தியக் குழுவில் பயின்றவர்கள். ஏழைப் பையன்களுக்கான அந்தப் பள்ளி இல்லையென்றால் ஸ்காவுக்கு இத்தனை நேர்த்தி வந்திருக்காது. ஜமைக்காவுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டாண்டு கழித்து, 1964இல் இவர்கள் 'ஸ்கடலைட்ஸ்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள், 1965இல் கலைந்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் டிரம்மண்ட் தன் காதலியைக் கொன்று மனநல மருத்துவமனைக்குப் போனார். 1969இல் அங்கேயே இறந்தார். பெயர்ப்பலகை ஓராண்டுக்குச் சற்று மேல்தான் தொங்கியது. ஆனாலும் முதலிடம் இவர்களுக்குத்தான். லாயிட் நிப்பின் டிரம்ஸ் இறுக்கிப் பிடிக்க, அதன்மேல் டிரம்மண்ட் சோகமாக ஊதுவார். ஆட்டப் பாட்டில் அவ்வளவு துயரம் கூடிவந்ததை வேறெந்தக் குழுவிலும் கேட்க முடியாது.

இதை மறுப்பவர்கள் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரைக் காட்டுவார்கள். 1979இல் அங்கே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த 'ஸ்பெஷல்ஸ்', வேலையின்மையையும் இனவெறியையும் பாட்டாக்கியது. ஸ்கடலைட்ஸுக்கு அந்த அரசியல் இல்லை என்பார்கள். சொல்லின் கூர்மையில் ஸ்பெஷல்ஸ் மேல் என்பதை ஏற்கலாம். ஆனால் 1981இல் பிரிட்டனின் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த அவர்களுடைய 'கோஸ்ட் டவுன்' ஸ்காவைவிட ரெகேவுக்கே நெருக்கம். அவர்களோடு ட்ராம்போன் ஊதிய ரிகோ ரோட்ரிகஸும் ஆல்ஃபா பள்ளி மாணவர்தான். டேண்டி லிவிங்ஸ்டன் 1967இல் பாடிய, ரூடி என்ற இளைஞனுக்குப் புத்திசொல்லும் பாட்டில் வாசித்தவர் அவர். 1979இல் ஸ்பெஷல்ஸ் அதையே பாடியபோதும் அவரே வாசித்தார். 2009இல் டெல்லியில் தொடங்கிய 'ஸ்கா வெஞ்சர்ஸ்', 2014 தேர்தல் காலத்தில் அதே பாட்டை எடுத்து, ரூடி இருந்த இடத்தில் மோடியை வைத்தது.