யாருடைய திருநாள்?

கிறிஸ்துமஸ் நாளன்று கடைகள் திறந்திருத்தல் வேண்டும். திருநாளுக்கென்று தேவாலயத்தில் தனி வழிபாடு ஆகாது. இப்படி ஒரு நாட்டில் கட்டளை பிறந்தது. நாடு இங்கிலாந்து, ஆண்டு 1647. கட்டளையிட்டவர்கள் யார்? கடவுள் இல்லை என்போரா? கிறிஸ்துவை மறுப்போரா? அல்லர், அல்லர்! விவிலியமே வாழ்வின் சட்டம் என்று கொண்டவர்கள். மன்னனையே எதிர்த்துப் போர்க்களம் புகுந்தபோதும் கடவுளின் பெயரால் புகுந்தவர்கள். பியூரிட்டன்கள் என்று வரலாறு அழைக்கும் பெரும் பக்திமான்கள்!

ஏசு பிறந்த நாளை ஏசுவின் அடியார்களே ஏன் தடுத்தார்கள்? இதற்கு விடை தேடினால், டிசம்பர்த் திங்கள்தோறும் உலகில் எழுகின்ற வழக்கொன்றும் நமக்குத் தெளிவாகும். கிறிஸ்துமஸ் மதத்தின் நாளா, மக்களின் நாளா என்பதே அவ்வழக்கு.

பியூரிட்டன்கள் காட்டிய காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. ஏசு பிறந்த கதையை மத்தேயுவும் லூக்காவும் உரைக்கின்றனர். ஆனால் பிறந்த நாளை இருவருமே குறிக்கவில்லை. டிசம்பர் 25 என்னும் நாள், ரோமாபுரியில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட பஞ்சாங்க ஏடொன்றில்தான் தெளிவாகக் காணப்படுகிறது. அதே ஏட்டில், அதே நாளில், வெல்லற்கரிய சூரிய தேவனுக்கும் பிறந்தநாள் குறிக்கப்பட்டிருக்கிறது! அந்தச் சூரியனுக்கு 274ஆம் ஆண்டில் ரோமாபுரியில் கோயில் எடுத்தவன் அரேலியன் என்னும் பேரரசன். சூரியனின் நாளைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்பர் ஒரு சாரார். மார்ச் 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது திங்கள் கணக்கிட்டுக் கண்ட நாள் என்பர் மற்றொரு சாரார். ஆர்மீனியத் திருச்சபையோ இன்றும் சனவரி 6ஆம் நாளையே போற்றுகிறது. விவிலியம் சொல்லாத நாளை நாங்கள் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்டார்கள் பியூரிட்டன்கள். 'மாஸ்' என்னும் பெயரிலேயே போப்பாண்டவரின் பூசை ஒளிந்திருக்கிறது என்றார்கள். குடியும் சூதும் கூத்தும் மலிந்த நாளைக் கடவுளின் நாள் என்பது கடவுளுக்கே இழுக்கு என்றார்கள்.

தூய மதநோக்கில் பார்த்தபோது, கிறிஸ்துமஸ் அவர்களுக்கு மதத்திருநாளாகவே தோன்றவில்லை. அதில் அவர்கள் கண்டது மக்களின் களியாட்டம். நாம் கருதிப் பார்க்கவேண்டிய முதல் உண்மை இது.

மக்கள் என்ன செய்தார்கள்? 1647 டிசம்பர் 25 அன்று காண்டர்பரி நகரில் சந்தை கூடவேண்டும் என்று மேயர் ஆணையிட்டார். திறந்த கடைகள் சில. அவற்றின் சரக்கைத் தெருவில் வீசினர் மக்கள். மேயர் கீழே தள்ளப்பட்டார். வீதியில் பந்தாட்டம் நடந்தது. கலகம் செய்தோரைக் கூண்டிலேற்ற முயன்றபோது, குற்றம் சாட்ட ஜூரிகளே மறுத்துவிட்டனர். அந்தப் பொறி 1648இல் கெண்ட் மாவட்டக் கிளர்ச்சியாக மூண்டது.

கலகத்தில் இறங்கியவர்கள் இறையியல் நூல் கற்றவர்களா? அல்லர். பட்டறையில் உழைத்த பயிற்சித் தொழிலாளி, வீட்டு வேலைக்காரன், சிறு வணிகன். ஆண்டெல்லாம் உழைத்தவனுக்கு ஆறுதலாக இருந்த நாளைப் பறித்தார்கள். அவன் பொங்கி எழுந்தான். இதைப் பாராளுமன்றமும் உணர்ந்தே இருந்தது. திருநாள்களை ஒழித்த அதே 1647ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலைக்காரர்க்கும் பயிற்சித் தொழிலாளர்க்கும் மாணவர்க்கும் ஒவ்வொரு திங்களும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஓய்வுநாள் என்று எழுதிவைத்தனர். பக்தியைத் திருத்தப் புறப்பட்டவர்கள், ஓய்வுக்கு ஈடு தர நேர்ந்தது! 1660இல் மன்னராட்சி மீண்டது, தடையும் மறைந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1621ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்கக் கரையில் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு, மக்களை வழக்கம்போல் வேலைக்கு அழைத்தார். புதிதாக வந்தவர் சிலர், இன்று உழைப்பது எங்கள் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்றனர். ஆளுநர் விட்டுவிட்டார். நண்பகல் திரும்பி வந்து பார்த்தால், அவர்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தனர்! விளையாட்டுக் கருவிகளைப் பறித்துக்கொண்ட ஆளுநர், மற்றவர் உழைக்க நீங்கள் விளையாடுவது என் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்றார். வீட்டுக்குள் வழிபடலாம், வீதியில் மகிழக்கூடாது! மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. 1681இல்தான் அச்சட்டம் நீங்கியது. ஸ்காட்லாந்திலோ, சீர்திருத்தச் சபையின் கண்டிப்பு நெடுங்காலம் நின்றது. அங்கே இந்நாள் பொது விடுமுறையானது 1958இல்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தது. ஆலைகள் எழுந்தன. புகைக்கூண்டின் கீழே குழந்தைகள் உழைத்தார்கள். 1833ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம், உழைக்கும் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் கிறிஸ்துமஸையும் பெரிய வெள்ளியையும் முழு விடுமுறையாக்கியது. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் 'கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் கதையை எழுதினார். அக்கதையில் இறையியல் வாதங்களுக்கு இடமில்லை. எழுத்தன் கிராச்சிட்டின் ஏழைக் குடும்பத்துக்கு இடமுண்டு. அவனுக்கு ஒரே ஒருநாள் சம்பளத்தோடு விடுப்புத் தர நெஞ்சம் எரிகின்ற முதலாளி ஸ்குரூஜுக்கு இடமுண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் 1870இல் தலைநகரின் அரசு ஊழியர்க்கு விடுமுறை வகுத்தபோது, புத்தாண்டு நாள், சுதந்திர நாள் ஆகியவற்றின் வரிசையில் கிறிஸ்துமஸையும் வைத்தது.

ஆகவே இந்நாளுக்கு இரு வேர்கள். ஒன்று பீடத்தின் கீழ் ஓடுகிறது. மற்றொன்று பட்டறையின் கீழ் ஓடுகிறது. ஒன்றை வெட்டி மற்றொன்றை வளர்க்க அரசு முனைந்த போதெல்லாம் விளைந்தது என்ன?

பக்தர்களின் அரசு செய்ததைக் கண்டோம். நாத்திக அரசு செய்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சோவியத் நாட்டில் 1929 முதல் கிறிஸ்துமஸ் வெறும் வேலை நாளாயிற்று. அலங்கார மரமும் பாதிரிமாரின் பழக்கம் என்று பழிக்கப்பட்டது. ஆறே ஆண்டுகள்! 1935 டிசம்பர் 28 அன்று 'பிராவ்தா' ஏட்டில் போஸ்டிஷேவ் என்னும் தலைவர் எழுதிய கடிதத்தின் வழியே மரம் திரும்பி வந்தது, புத்தாண்டு மரம் என்ற புதுப்பெயரோடு. குழந்தையின் கையிலிருந்து மகிழ்ச்சியைப் பிடுங்கிக் கொள்கையை வளர்க்க முடியவில்லை. ரஷ்யாவில் சனவரி 7, கிறிஸ்துமஸ் விடுமுறையாக மீண்டது 1991இல்.

தடுப்பது தவறு என்றால், அரசே எடுத்து நடத்துவது சரியா? ரோட் தீவு மாநிலத்தின் பாட்டக்கெட் நகராட்சி, கடைத்தெருவை அடுத்த பூங்காவில் ஆண்டுதோறும் ஒரு காட்சி வைத்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு, கலைமான்கள், அலங்கார மரம், கோமாளி, யானை, கரடி. இவற்றினிடையே பாலன் ஏசுவின் குடில். அரசு மதத்தை நிறுவலாகாது என்னும் அரசியலமைப்புக்கு இது மாறு என்று வழக்குத் தொடரப்பட்டது. 1984இல் உச்ச நீதிமன்றம், ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில், குடில் இருக்கலாம் என்றது. பண்டிகைக் காலத்தின் வரலாற்றைக் காட்டும் பொருள்களில் ஒன்றே அது என்பது காரணம். 1989இல் பிட்ஸ்பர்க் நீதிமன்றப் படிக்கட்டில் தனித்து வைத்த குடிலோ கூடாது என்று தீர்ப்பாயிற்று.

எண்ணிப் பாருங்கள்! கலைமானும் கோமாளியும் சூழ இருந்தால் ஏசு சட்டத்துக்கு உட்பட்டவர். தனித்திருந்தால் சட்டத்துக்குப் புறம்பானவர்! வென்றது யார்? நம்பிக்கை கொண்டவரா? அவர் வணங்கும் குழந்தை, கடைத்தெருவுக்கு ஆள் சேர்க்கும் பொம்மையாயிற்று. 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி பிளாக்மன் வருந்தியதும் இதற்காகவே. யூதரும் இசுலாமியரும் நம்பிக்கையற்றோரும் வென்றார்களா? அவர்கள் கட்டிய வரிப்பணத்தில் பிறர் மதச்சின்னம் நிறுத்தப்பட்டது. அரசு மதத்தைத் தழுவினால் மதமும் மாசுபடுகிறது. குடிமகனின் உரிமையும் குறைகிறது.

எனவே நாம் சொல்வது இதுதான். பிறந்தவர் தேவமைந்தர் என்று நம்புவோர் வழிபடட்டும். அது அவரவர் மனச்சான்றின் உரிமை. அதை அரசு தடுக்கவும் வேண்டாம். தன் செலவில் நடத்தவும் வேண்டாம். ஆனால் ஓய்வு எல்லோர்க்கும் உரியது. அடுப்பருகே அமரவும், பிள்ளையின் கையில் பரிசொன்றை வைக்கவும், அயலானை அழைத்து உணவிடவும் எந்தச் சமயச் சான்றிதழும் தேவையில்லை.

இங்கிலாந்தில் 2004இல் ஒரு சட்டம் பிறந்தது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக்கூடாது என்பது அச்சட்டம். கடைத் தொழிலாளர் சங்கம் அதை ஆதரித்தது. கடையைத் திற என்று 1647இல் மக்களை மிரட்டிய அதே பாராளுமன்றம், கடையை மூடு என்று 2004இல் முதலாளிகளுக்கு உரைத்தது. மத நம்பிக்கை அந்நாட்டில் குறைந்துவிட்ட காலத்தில் அந்த நாளுக்குக் காவல் வந்தது. யார் கேட்ட காவல்? கல்லாப்பெட்டியின் முன் ஆண்டெல்லாம் நின்றவர்கள் கேட்ட காவல்! பீடங்களும் ஆட்சிகளும் மாறி மாறி உரிமை கொண்டாடிய திருநாளில், உழைப்பவனுக்கு உரிய பங்கு இன்னும் நிலைத்திருக்கிறது. அப்பங்கைக் காப்பது எம்மதத்தார்க்கும், மதமிலார்க்கும் பொதுக்கடன்.