வாசலுக்கு வந்த கம்பி



பிழைப்பை நாடித் தமிழகத்துக்கு வெளியே குடியேறிய நம்மவர்க்குத் தொலைக்காட்சி வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அன்று. தமிழ் ஒலி வீட்டினுள் வருவதற்கு அமைந்த வாயில் அது. அவ்வாயிலின் திறவுகோல் எவர் கையில் இருந்தது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் வரலாறு.

1959 செப்டம்பர் 15இல் தில்லியில் தொலைக்காட்சி தோன்றியது. பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசின் ஒளிபரப்பு ஒன்றே நாட்டில் இருந்தது. 1991இல் வளைகுடாப் போர்க் காட்சிகள் செயற்கைக்கோள் வழியே வந்து சேர்ந்தன. மொட்டைமாடியில் பெருந்தட்டு ஒன்றை நிறுத்தி, தெருவெங்கும் கம்பி இழுத்து, மாதச் சந்தா பெறும் கேபிள் தொழில் விரைந்து பரவிற்று. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. கேபிள் தொழிலை முறைப்படுத்தும் சட்டம் 1995இல் பிறந்தது.

வானில் அலைவரிசைகள் பெருகின. தெருவிலோ கம்பி ஒன்றே. தில்லியில் நாம் முதலில் குடியிருந்த தெருவில், தமிழ் அலைவரிசை வேண்டும் என்று கேபிள்காரரிடம் கேட்டோம். "இத்தெருவில் மதராஸி வீடு நாலுதானே, ஐயா!" என்றார் அவர். அவரை நொந்து பயனில்லை. பழைய முறைக் கம்பி தாங்கும் அலைவரிசைகள் சில பத்துகளே. பலர் விரும்புவதையே அவர் ஏற்றுவார். ஆனால் அவரை விட்டு வேறொருவரிடம் செல்ல நமக்கு வழியில்லை. குறை அங்கேதான் இருந்தது.

அவ்வழியைத் திறந்தது சிறு தட்டு. 2003இல் டிஷ் டிவி, செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுக்கு ஒளிபரப்பும் சேவையைத் தொடங்கியது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதச் சந்தா இல்லாத சேவையை அளித்தது. 2007இல் சன் டைரக்ட் வந்தது. தெருவில் நாலே வீடுகள் இருந்தாலும் வானுக்கு அது பொருட்டன்று. 2012 முதல் கேபிள் கம்பியும் படிப்படியாக டிஜிட்டல் முறைக்கு மாறிற்று. இடப் பஞ்சம் நீங்கிற்று.

2019 பிப்ரவரி 1 முதல், விரும்பும் அலைவரிசைக்கு மட்டும் விலை கொடுக்கும் உரிமையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வழங்கியது. நூறு அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய் வரை என்பது அன்றைய ஏற்பாடு. எனினும் தனித்தனியே வாங்கினால் விலை மிகுதி, கட்டாக வாங்கினால் மலிவு என்ற நிலையில், பலர் வேண்டாதவற்றையும் சேர்த்தே வாங்கினர்.

இணையத்தின் கதையும் இதற்கு இனமானதே. 1995 ஆகஸ்டு 15இல் அரசு நிறுவனமாகிய விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தை அளித்தது. 1998இல் தனியார்க்கும் அனுமதி கிடைத்தது. வீடுகளுக்கு அரசு இழுத்திருந்த தொலைபேசிக் கம்பியைப் பிற நிறுவனங்களும் வாடகைக்குப் பயன்படுத்தலாம் என்று 2004இல் ஆணையம் பரிந்துரைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த அகன்ற அலைவரிசைக் கொள்கையோ, அதனைக் கட்டாயமாக்காமல் நிறுவனங்களின் பரஸ்பர உடன்பாட்டுக்கு விட்டது. ஆதலால் போட்டியிட வந்தவர் தாமே புதுக் கம்பி இழுக்க வேண்டியதாயிற்று. இழுத்தால் ஆதாயம் உண்டு என்று கண்ட தெருக்களுக்கே அவர் முதலில் சென்றார்.

செல்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. தொலைக்காட்சிப் பெட்டகத்துக்கு இத்தகைய உரிமை வேண்டும் என்று 2020இல் ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் பெட்டகத்தை வாங்கியவர் மற்றொன்றுக்கு மாறினால், பழையது பரணுக்குத்தான் போகிறது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. கடைகள் பல இருப்பதனால் மட்டும் வாங்குவோர்க்கு உரிமை வந்துவிடுவதில்லை. ஒரு கடையை விட்டு நஷ்டமின்றி வெளியேற முடிகிறதா என்பதே உரைகல். அடுத்த முறை புதிய சந்தா ஒன்றில் கையொப்பமிடும்போது, எத்தனை அலைவரிசை, என்ன வேகம் என்று கேட்பதோடு, "விலகுவதாயின் என்ன செலவு?" என்றும் கேட்போமாக. தெருவில் நாலே வீடாக இருந்தாலும் அக்கேள்விக்கு வலிமை உண்டு.