தாழ்ந்த இமைகள் - ஒரு பரம்பரைக் குறையின் வரலாறு

தமிழில் இமைக்குத் தனி மதிப்பு உண்டு. எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரையை வரையறுக்கத் தொல்காப்பியர் எடுத்துக்கொண்ட அளவுகோல்கள் இரண்டு. ஒன்று கண்ணிமைப்பு, மற்றொன்று கைந்நொடி. தேவரையும் மனிதரையும் பிரித்துக் காட்ட நம் புலவர் மரபு கண்ட அடையாளமும் இமையாமையே. இமையார், இமையவர் என்னும் சொற்களுக்கு அவ்வாறே பொருள் கூறுவர்.

ஆனால், பிறந்த நாள் தொட்டே இமையை முழுதாக உயர்த்த இயலாத மனிதரும் உண்டு. அவர்களைக் குறிக்க நம் அன்றாடப் பேச்சில் இருப்பவை ஏச்சுச் சொற்களே. பள்ளியில் 'தூங்குமூஞ்சி' என்பர். குழந்தை அண்ணாந்து பார்த்தால் 'திமிர்' என்பர். தாய் கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று பழி கூறுவாரும் உளர். இக்குறைக்கு மருத்துவம் பெயரிட்டு, காரணம் தேடி, இடையில் ஒருமுறை தடம் மாறி, பின் தெளிந்த வரலாறு சுவையானது. அதில் நம் நாட்டுக் குடும்பங்களுக்கும், சென்னை, மதுரை மருத்துவமனைகளுக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாதது.

பெயரும் அடையாளமும்

இக்குறையின் பெயர் பிளெபரோஃபைமோசிஸ். கிரேக்கத்தில் 'பிளெபரோன்' என்பது இமை. 'ஃபைமோசிஸ்' என்பது குறுகல். இதற்கு நான்கு அடையாளங்கள் கூறப்படுகின்றன. இமைகளுக்கு இடையிலான கண்திறப்பு குறுகியிருக்கும். பெரியவர்களுக்கு அதன் நீளம் பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர், இவர்களுக்கோ 20 முதல் 22 வரைதான். மேலிமை தாழ்ந்திருக்கும். கீழிமையிலிருந்து மேல்நோக்கி எழும் ஒரு தோல்மடிப்பு மூக்கையொட்டிய கடைக்கண்ணை மறைக்கும். இரு கண்களின் உள்முனைகளுக்கும் இடையே இடைவெளி மிகுந்திருக்கும்.

இமையை உயர்த்தும் தசை வலுவற்றது. ஆகவே குழந்தை நெற்றித் தசையைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்துகிறது. மோவாயைத் தூக்கிப் பார்க்கிறது. நாம் திமிர் என்று எண்ணியது, பார்ப்பதற்காக ஒரு குழந்தை ஓயாமல் செய்யும் உழைப்பு. இவர்களுள் பெரும்பாலோரின் அறிவாற்றலில் எக்குறையும் இல்லை.

வம்சாவளியில் ஒரு புதிர்

பிளெபரோஃபைமோசிஸ் என்னும் சொல்லை ஜெர்மானிய மருத்துவர் ஃபான் அம்மோன் 1841-இல் பயன்படுத்தினார். இவ்வடையாளங்கள் ஒருசேரப் பரம்பரையாக வருவதை 1889-இல் விவரித்தவர் பிரெஞ்சுக்காரரான வீன்ய. 1921-இல் அமெரிக்காவின் டிமிட்ரி, ஐந்து தலைமுறைகளில் 21 பேருக்கு இக்குறை இருந்த ஒரு குடும்பத்தைப் பதிவு செய்தார். தாய் அல்லது தந்தை ஒருவருக்கு இருந்தாலே போதும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

வம்சாவளிகளை வரைந்து பார்த்தபோது ஒரு புதிர் எழுந்தது. சில குடும்பங்களில் ஆண்கள் வழியாக மட்டுமே குறை அடுத்த தலைமுறைக்குச் சென்றது. குறையுள்ள பெண்களுக்குப் பிள்ளைகளே இல்லை. 1983-இல் இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்லோட்டோகோரா குழுவினர் இதனை இரு வகையாகப் பிரித்தனர். முதல் வகையில், பெண்களின் சினைப்பை 40 வயதுக்கு வெகுமுன்னரே செயலிழக்கும், மாதவிலக்கு நின்றுவிடும். இரண்டாம் வகையில் இமைக்குறை மட்டுமே உண்டு. தாய் தந்தை இருவர் வழியாகவும் அது இறங்கும்.

இந்த ஒரு பத்தி நம் சமூகத்தில் எத்தனை பெண்களின் வாழ்வைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முகத்தைக் காட்டி முதலில் ஏசினோம். மணமான பின் 'மலடி' என்று மறுபடியும் ஏசினோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதும், அவ்வேரில் அவள் குற்றம் எதுவும் இல்லை என்பதும் எந்த வீட்டிலும் தெரிந்திருக்கவில்லை.

சென்னையில் தொடங்கிய திருப்பம்

1990-களின் நடுவில், இக்குறைக்குரிய மரபணு மூன்றாம் குரோமோசோமின் நீண்ட கையில் இருப்பதாக ஆய்வாளர்கள் கணித்தனர். அப்போதுதான் சென்னை சங்கர நேத்ராலயா ஒரு பெரிய இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தது. பத்ரிநாத் 1978-இல் நிறுவிய மருத்துவமனை அது. அவரும் குமாரமாணிக்கவேல் முதலியோரும் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து 1996-இல் வெளியிட்ட முடிவு வியப்பளித்தது. அக்குடும்பத்தில் குறை, மூன்றாம் குரோமோசோமோடு தொடர்பு காட்டவில்லை. ஏழாம் குரோமோசோமின் குறுங்கையைச் சுட்டியது. அப்படியானால் இந்நோய்க்கு இரு வேறு மரபணுக்களா?

விடை ஐந்து ஆண்டுகளில் வந்தது. 1997-இல் ஏழாம் குரோமோசோமின் அதே பகுதியில் இருக்கும் 'ட்விஸ்ட்' என்ற மரபணு, சேத்ரே-சோட்சென் என்னும் வேறொரு பரம்பரை நோய்க்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. மண்டையோட்டு எலும்புகளின் இணைப்புகள் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும் நோய் அது. அதிலும் இமை தாழ்வதுண்டு. 2001-இல் பிரெஞ்சு ஆய்வாளர் டோல்ஃபுஸ், முந்தைய குழுவினர் சிலருடன் சேர்ந்து அதே இந்தியக் குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்தார். ட்விஸ்ட் மரபணுவில் பிழை கிடைத்தது. இமைகள் ஒத்திருந்தனவே தவிர, நோய் வேறு.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. ஒரு பெயரைச் சொன்னால், பெண் குழந்தையின் சினைப்பையைப் பற்றிப் பேச வேண்டும். மற்றொரு பெயரைச் சொன்னால், குழந்தையின் தலையைச் சோதிக்க வேண்டும். நோய்நாடி நோய்முதல் நாடுவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு இக்குடும்பத்தின் கதையே சான்று.

ஆடு காட்டிய வழி

அதே 2001-இல் இத்தாலியின் கிறிஸ்போனி குழுவினர் மூன்றாம் குரோமோசோமில் இருந்த உண்மையான மரபணுவைக் கண்டுபிடித்தனர். அதன் பெயர் 'ஃபாக்ஸ்-எல்-2'. ஏறத்தாழ அதே வேளையில் பிரான்சில் கொம்பில்லா ஆடுகளை ஆராய்ந்தவர்களும் அதே மரபணுவிடம் வந்து சேர்ந்தனர். அவ்வாடுகளில் சில, பிறப்பில் பெண் குரோமோசோம்கள் கொண்டிருந்தும் ஆணுறுப்புகளோடு வளர்ந்தன. 2009-இல் வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் இம்மரபணுவை நீக்கியபோது, அச்செல்கள் விதைப்பைச் செல்களைப் போல மாறின. கருவில் இமையை வடிக்கும் மரபணுவே, வாழ்நாள் முழுதும் சினைப்பையைச் சினைப்பையாகக் காத்து நிற்கிறது. 1983-இன் புதிருக்கு விடை இதுதான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் சுந்தரேசன் குழுவினர் இந்தியக் குடும்பங்களில் இம்மரபணுவைத் தேடினர். 2007-இல் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் அவர்கள் வெளியிட்ட ஒரு முடிவு உலகிற்கே புதியது. நெருங்கிய உறவில் மணம்புரிந்த ஓர் இந்தியக் குடும்பம் அது. ஃபாக்ஸ்-எல்-2 புரதத்தில் 14 அலனைன்கள் தொடராக நிற்பது இயல்பு. அக்குடும்பத்தில் 19 நின்றன. ஒரு பிரதி மட்டும் பிழையானவர்களுக்குக் குறையே இல்லை. இரு பிரதிகளும் பிழையானவர்களுக்கே இமைக்குறை. அவர்களுள் ஒரு பெண்ணுக்குச் சினைப்பைச் செயலிழப்பும் இருந்தது.

எங்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கத்தார் இதனைக் கருத வேண்டும். திருத்தணி 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மாறினாலும் கொண்டு கொடுக்கும் உறவு மாறவில்லை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது இருமொழியாருக்கும் வழக்கம். வழக்கமான பிளெபரோஃபைமோசிஸுக்கு உறவுமணம் காரணமன்று. ஆயினும், மதுரையார் கண்ட அரிய வடிவத்தைப் போல மறைந்து நிற்கும் பிழைகள் வெளிப்பட அது வழி திறக்கிறது.

செய்யக்கூடுவன

இக்குறைக்குச் சிகிச்சை உண்டு. கடைக்கண் மடிப்பை வழக்கமாக மூன்று முதல் ஐந்து வயதுக்குள் சீரமைப்பர்; ஏறத்தாழ ஓராண்டு கழித்து இமையை நெற்றித் தசையோடு இணைத்து உயர்த்துவர். இமை பார்வையையே மறைத்தால் அதற்கும் முன்னரே செய்வர். காலம் தாழ்த்தினால் 'சோம்பேறிக் கண்' உண்டாகிப் பார்வை நிலையாகக் குன்றும். ஆகவே 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருத்தல் கூடாது. பெண் குழந்தையாயின், பருவமெய்தும் காலத்தில் மகளிர் மருத்துவரின் ஆலோசனையும் தேவை. சினைப்பையின் நிலையை முன்கூட்டி அறிந்தால், மகப்பேற்றைப் பற்றி உரிய காலத்தில் முடிவெடுக்கலாம்.

திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலேறினால் அன்றே கண் மருத்துவரைப் பார்த்துத் திரும்பலாம். நூற்றாண்டு கடந்த ஆராய்ச்சி நம் வாசலுக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டது. வகுப்பில் மோவாயை உயர்த்திப் பார்க்கும் பிள்ளையைக் கண்டால், ஆசிரியர்கள் அதட்டுவதற்கு முன் அதன் இமைகளை ஒருமுறை உற்று நோக்கட்டும்.