போஸ்னியாவின் இறந்தோர் ஏடு: ஓர் எண்ணிக்கையின் வரலாறு

1992 ஏப்ரல் முதல் 1995 இறுதி வரை போஸ்னியாவில் நடைபெற்ற போரில் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்பது, நம்மில் பலரும் பல்லாண்டுகளாகச் சொல்லியும் எழுதியும் வந்த செய்தி. சில இடங்களில் அது இரண்டரை லட்சம் என்றும் வளர்ந்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று நாம் கேட்டதில்லை. கேட்பதே அம்மக்களின் துயரத்தை ஐயுறுவதாகிவிடும் என்றொரு தயக்கம் நமக்கிருந்தது. ஆனால் 2007 ஜூன் மாதம் சராயேவோ நகரில், அந்த மண்ணைச் சேர்ந்தவர்களே செய்து முடித்த ஓர் ஆய்வு, கொல்லப்பட்டோராகவும் காணாமற்போனோராகவும் பெயர் சொல்லிப் பதிவு செய்ய முடிந்தவர்கள் 97,207 பேர் என்று அறிவித்தது. நாம் சொல்லிவந்ததில் ஏறக்குறையப் பாதி. இந்தக் குறைவு போஸ்னிய முஸ்லிம்களின் வழக்கை வலுவிழக்கச் செய்ததா, வலுப்படுத்தியதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினா.

ஆயுதத் தடை யாரைத் தடுத்தது?

பதினைந்தாம் நூற்றாண்டில் உதுமானியர் ஆட்சியோடு இஸ்லாம் வேரூன்றிய நாடு போஸ்னியா. யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் ஓர் அங்கமாக இருந்த அந்நாட்டில் 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 43.7 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் முஸ்லிம்கள் 43.5 விழுக்காட்டினர்; செர்பியர் 31.2 விழுக்காட்டினர், குரோவேசியர் 17.4 விழுக்காட்டினர். கூட்டாட்சி சிதைந்தபோது, 1992 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் முதல் நாளிலும் நடந்த பொதுவாக்கெடுப்பில் தனிநாடாவதற்கு ஆதரவு கிடைத்தது. பெரும்பான்மையான செர்பியர் அதனைப் புறக்கணித்தனர். ஏப்ரலில் ஐரோப்பிய நாடுகள் போஸ்னியாவை ஏற்பளித்த அதே நாட்களில் சராயேவோ முற்றுகைக்குள்ளாயிற்று. அம்முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது.

போர் போஸ்னியாவை எட்டுமுன்பே, குரோவேசியாவில் சண்டை மூண்டிருந்த வேளையில், 1991 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை தனது 713ஆம் தீர்மானத்தின் வாயிலாக யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஆயுதங்கள் அனுப்புவதைத் தடை செய்தது. சொற்களைப் பார்த்தால் அனைவருக்கும் பொதுவான தடை அது. நடைமுறையிலோ, பழைய யூகோஸ்லாவிய இராணுவத்தின் பீரங்கிகளும் கவச வாகனங்களும் கிடங்குகளும் பெரும்பாலும் செர்பியத் தரப்பின் கைகளிலேயே இருந்தன. எல்லாம் உள்ளவனுக்கும் ஏதும் இல்லாதவனுக்கும் ஒரே பூட்டு இடப்பட்டது. போஸ்னியாவுக்கு விலக்களிக்கக் கோரிய வரைவுத் தீர்மானம் 1993 ஜூன் 29 அன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது, அவையின் 15 உறுப்பினருள் ஆறு நாடுகள் ஆதரித்தன. ஒன்பது நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒன்பது ஆதரவு வாக்குகள் தேவைப்பட்டதால் தீர்மானம் தோற்றது. டேட்டன் நகரில் அமைதி உடன்பாடு எட்டப்பட்ட மறுநாள், 1995 நவம்பர் 22 அன்றுதான் தடையைப் படிப்படியாக நீக்கும் தீர்மானம் நிறைவேறியது. ஆயுதக் கட்டுப்பாடு நற்செயலே எனினும், யாரிடம் என்ன இருக்கிறது என்ற கணக்கில்லாமல் விதிக்கப்படும் தடை நீதியாகிவிடாது என்பதற்கு இது ஒரு சான்று.

பாதுகாப்புப் பகுதி என்ற பெயர்

ஐ.நா. அமைதிப்படை 1992இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கு அனுப்பப்பட்டது. அதன் முதல் தளபதியாக ஓராண்டுக் காலம் பொறுப்பு வகித்தவர் இந்தியரான லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். 1993 ஏப்ரல் 16 அன்று கிழக்குப் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மே மாதம் சராயேவோ, துஸ்லா, ஜெப்பா, கொராஜ்தே, பிஹாச் ஆகிய ஐந்தும் அப்பட்டியலில் சேர்ந்தன. இப்பகுதிகளைக் காக்க ஏறத்தாழ 34,000 கூடுதல் வீரர்கள் தேவை என்று ஐ.நா. தலைமையகம் மதிப்பிட்டது. பாதுகாப்பு அவை ஒப்புதல் அளித்ததோ 7,600 பேருக்கு. அறிவிப்புக்கும் ஆற்றலுக்கும் இடையே இருந்த இந்த வெளிதான் பின்னர் கபர்களால் நிரம்பியது.

1995 ஜூலை 6 அன்று தொடங்கிய தாக்குதலில், இலேசான ஆயுதங்களுடன் அங்கிருந்த நெதர்லாந்துப் படைப்பிரிவு நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தது. ஜூலை 11 அன்று நகரம் வீழ்ந்தது. அடைக்கலம் தேடி பொடோச்சாரி சிற்றூரிலிருந்த அமைதிப்படை முகாமுக்கு ஓடிவந்தவர்களிலிருந்து ஆண்கள் தனியே பிரிக்கப்பட்டனர். காடுகளின் வழியே தப்ப முயன்றவர்கள் வழியில் பிடிபட்டனர். அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். இதனை இனப்படுகொலை என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2001இலும், அதன் மேல்முறையீட்டு அமர்வு 2004இலும், அனைத்துலக நீதிமன்றம் 2007இலும் தீர்ப்பளித்துள்ளன.

இரண்டு அறிக்கைகள்

இத்தோல்வியை ஆராய்ந்த இரு அறிக்கைகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னான் 1999 நவம்பரில் வெளியிட்டது. படுகொலை நடந்தபோது ஐ.நா.வின் அமைதிப்படைத் துறைக்குத் தலைமை வகித்தவரும் அவரே. தம் நிறுவனம் தவறான கணிப்பாலும், எதிர்நின்ற தீமையின் அளவை உணராமையாலும் ஸ்ரெப்ரெனிட்சா மக்களைக் காக்கத் தவறியது என்று அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது.

இரண்டாவது, நெதர்லாந்துப் போர் ஆவண நிறுவனம் தயாரித்தது. 1996இல் அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் தொடங்கிய ஆய்வு, 2002 ஏப்ரல் 10 அன்று 3,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையாக வெளிவந்தது. தெளிவான ஆணையும் போதிய ஆயுதமும் இன்றி, சரிவர ஆராயாமல் படை அனுப்பப்பட்டது என்று அது கண்டது. ஆறு நாட்களுக்குப் பின் பிரதமர் விம் கோக்கின் அமைச்சரவை பதவி விலகியது. நெதர்லாந்து வீரர்களின் பொறுப்பை அவ்வறிக்கை குறைத்து மதிப்பிட்டது என்று உயிர் தப்பியோர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. 2013இலும் 2019இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அரசின் பொறுப்பை ஒரு பகுதி ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2022 ஜூலை 11 அன்று அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் உறவினர்களிடம் மன்னிப்புக் கோரினார். எனினும், ஓர் அரசின் பணத்தில் நடந்த ஆய்வு அந்த அரசின் வீழ்ச்சிக்கே காரணமாயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வின் சுதந்திரத்தை, பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. முடிவு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்ததா என்பதே உரைகல்.

பெயர் பெயராக

போரையும் ஆயுதத்தையும் அமைதிப்படையையும் அரசுகளின் அறிவிப்புகளுக்கு வெளியே நின்று ஆராயும் மரபு ஐரோப்பாவில் 1959இல் ஓஸ்லோவிலும் 1966இல் ஸ்டாக்ஹோமிலும் நிறுவப்பட்ட அமைதி ஆய்வு நிறுவனங்களால் வளர்ந்தது. இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் போருக்கு வெளியே அமர்ந்து உலகை நோக்குபவை. சராயேவோவில் நடந்ததோ வேறு. போரால் நொறுக்கப்பட்ட ஊரின் மக்களே தம் இறந்தோரை எண்ண அமர்ந்தனர்.

அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மிர்சாத் டோகாச்சா. போர்க்காலத்தில் போர்க்குற்றத் தகவல்களைத் திரட்டிய அரசு ஆணையத்தின் செயலராக இருந்த அவர், 2004இல் ஆய்வு மற்றும் ஆவண மையம் என்ற அரசு சாரா நிறுவனத்தை உருவாக்கினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு: பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், ஊர், இறந்த இடம், இறந்த விதம். இராணுவப் பதிவேடுகள், நாளிதழ்ச் செய்திகள், குடும்பத்தார் வாக்குமூலங்கள், கபர்களின் மீசான் கற்கள் என்று பல மூலங்களை ஒப்பிட்டு, ஒரே மனிதர் இருமுறை எண்ணப்படாதவாறு சரிபார்த்தனர். முஸ்லிம், செர்பியர், குரோவேசியர் என்ற பாகுபாடின்றி எல்லாத் தரப்பினரும் பதிவாயினர். அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து ஏற்றும் தள்ளியும் வந்த ஹதீஸ் கலையின் வாரிசுகளாகிய நமக்கு இந்த முறை அந்நியமானதன்று.

இந்தப் பணியின் அருமையை உணர இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். 1992 மே 17 அன்று சராயேவோவின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் குண்டுவீச்சில் எரிந்தது. அரபு, துருக்கி, பாரசீக மொழிகளில் அமைந்த 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் சாம்பலாயின. ஆகஸ்டில் தேசிய நூலகமும் எரிந்தது. மனிதர்களோடு அவர்கள் வாழ்ந்ததற்கான ஆவணங்களையும் அழிக்க முயன்ற போர் அது. அதற்கு ஆவணத்தாலேயே விடை சொல்ல முனைந்தனர் இவர்கள்.

எண் குறைந்தது, உண்மை கூடியது

2007இல் வெளியான 97,207 பெயர்களுள் பொதுமக்கள் 39,684. படையினராகப் பதிவானோர் 57,523. அந்தப் பொதுமக்களுள் 83 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். மக்கள்தொகையில் 43.5 விழுக்காடாக இருந்த சமூகம், கொல்லப்பட்ட பொதுமக்களில் 83 விழுக்காடு! எல்லாத் தரப்பினரும் சமமாகத் துன்புற்றனர், எல்லாரும் சமமாகக் குற்றவாளிகளே என்று சொல்லப்பட்டு வந்த வாதத்தை, இரண்டு லட்சம் என்ற உருண்டை எண்ணால் வீழ்த்த முடியவில்லை. பெயர்களால் ஆன இந்தக் கணக்கு வீழ்த்தியது.

அறிஞர் மூவர் குழு 2007இலேயே இத்தரவுத் தொகுப்பை மதிப்பாய்வு செய்தது. படையினர், பொதுமக்கள் என்ற பிரிவைக் கவனத்துடன் கையாள வேண்டும் என்றும் அவர்கள் எச்சரித்தனர். படைவீரர் எனப் பதிவானால் குடும்பத்திற்கு உதவித்தொகை கிடைக்கும் சூழல் இருந்தது. மேலும், ஸ்ரெப்ரெனிட்சாவில் இராணுவப் பட்டியலில் பெயர் இருந்த பலர், கொல்லப்பட்ட வேளையில் நிராயுதபாணிக் கைதிகளாக இருந்தவர்கள். பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் மக்கள்தொகை ஆய்வாளர்கள் வேறொரு முறையில் கணித்து 2005இல் 102,622 என்றும் 2010இல் 104,732 என்றும் மதிப்பிட்டனர். இருவேறு வழிகள் ஏறத்தாழ ஓரிடத்தில் வந்து சேர்ந்ததே இக்கணக்கின் நம்பகத்திற்குச் சான்றாயிற்று.

இந்த முடிவு எவருக்கும் முழு மகிழ்ச்சி அளிக்கவில்லை. போஸ்னிய முஸ்லிம்களுள் சிலர், தம் தியாகம் சிறுமைப்படுத்தப்பட்டதாக வருந்தினர். மறுதரப்பில், ஸ்ரெப்ரெனிட்சா வட்டாரத்தில் 3,000க்கும் மேற்பட்ட செர்பியர் கொல்லப்பட்டனர் என்றும், நடந்தது பழிக்குப்பழி என்றும் பரப்புரை நடந்து வந்தது. இதே மையம் அதையும் பெயர் பெயராக ஆராய்ந்தது. அண்டையிலுள்ள பிராட்டுனாட்ஸ் நகராட்சியில் கொல்லப்பட்ட செர்பியப் பொதுமக்கள் 119 பேர் என்று கண்டது. அந்த 119 பேரும் மனிதர்களே. அவர்களுக்கும் அந்த ஏட்டில் இடமுண்டு. நம் தரப்பின் இரண்டு லட்சத்தைக் குறைத்த அதே கைதான் எதிர்த்தரப்பின் மூவாயிரத்தையும் குறைத்தது. முதலாவதைச் செய்யத் துணியாதிருந்தால், இரண்டாவதைச் செய்யும் தகுதி அதற்கு வாய்த்திருக்காது.

எலும்புகளின் சாட்சியம்

ஸ்ரெப்ரெனிட்சாவில் கொன்றவர்கள், குற்றத்தை மறைக்க 1995 இலையுதிர் காலத்தில் பெருங்குழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினர். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன. 1996இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோருக்கான பன்னாட்டு ஆணையம், உறவினர்களின் இரத்த மாதிரிகளோடு எலும்புகளின் மரபணுவை ஒப்பிட்டு, ஏறத்தாழ 7,000 பேரை அடையாளம் கண்டுள்ளது. ஃபிக்ஹ் நூல்கள் ‘மஃப்கூத்’ என்றழைக்கும் காணாமற்போனவரின் நிலை எத்தகையது என்பதை நாம் அறிவோம். மனைவி விதவையா இல்லையா, வாரிசுரிமையைப் பங்கிடலாமா கூடாதா என்று எதுவும் முடிவாகாமல் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கும். ஆய்வுக்கூடத்தின் ஒரு தாள் அந்தக் காத்திருப்பை முடித்து வைத்தது. ஜனாஸா தொழுகைக்கு வழி திறந்தது.

ஆயினும் மறுப்பு ஓயவில்லை. போஸ்னியாவின் செர்பியப் பகுதி அரசே அமைத்த ஆணையம் 2004இல் படுகொலையை ஒப்புக்கொண்டது. அதே பகுதியின் சட்டமன்றம் 2018இல் அவ்வறிக்கையை நிராகரித்தது. 2024 மே 23 அன்று ஐ.நா. பொதுச்சபை ஜூலை 11ஐ நினைவு நாளாக அறிவித்தபோது 84 நாடுகள் ஆதரித்தன. 19 நாடுகள் எதிர்த்தன. 68 நாடுகள் ஒதுங்கின. அரசியல் மாறும்போது அறிக்கைகள் திரும்பப் பெறப்படுகின்றன. மரபணுவையும் மீசான் கல்லையும் திரும்பப் பெற முடிவதில்லை.

எனவே, நாம் எழுப்பிய வினாவுக்கு விடை தெளிவு. ஒடுக்கப்பட்டோரின் வழக்கிற்குப் பெரிய எண் தேவையில்லை. அசைக்க முடியாத எண்ணே தேவை. மிகைப்படுத்திச் சொல்லப்படும் ஒவ்வோர் ஆயிரமும், மறுப்போரின் கையில் நாமே கொடுக்கும் கருவியாகிவிடுகிறது. இதனை இன்று வேறு நிலங்களின் துயரத்தைப் பேசும்போதும் எழுதும்போதும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பொடோச்சாரியில், அன்று அமைதிப்படை முகாம் இருந்த இடத்திற்கு எதிரே, இன்று வெண்ணிறக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்குள்ள நினைவுக்கல் ஒன்றில் 8372 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை அடுத்து மூன்று புள்ளிகள். கணக்கு இன்னும் முடியவில்லை என்பது அப்புள்ளிகளின் பொருள். ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, புதிதாக அடையாளம் காணப்பட்டவர்கள் அங்கே அடக்கம் செய்யப்படுகிறார்கள்.